கசப்பு ரத்தம்

"என் உசிரு இருக்கிற வரைக்கும் நீ அந்தக் கேமராவுக்கு முன்னால நிக்க மாட்ட, அனோஜா."

"உங்க உசிர யாரு அக்கா கேட்டா? நாளைக்கு வகுப்புக்கான லிங்க்க மட்டும் அனுப்புங்க, போதும்."

"லிங்க்கா? ரெண்டு வருசமா நோர்வேக்காரங்களோட மல்லுக்கட்டி ஒவ்வொரு பக்கமா எழுதினது நானு. மொதல் சிலைட்ல இருந்த என் பேர எடுத்தது யாரு?"

"நான்தான். எடம் பத்தல."

"எடம் பத்தலையா? ஒன் படம் மட்டும் முக்கா பக்கத்துக்கு இருக்கே?"

"அது தேயிலையோட படம் அக்கா. நான் நடுவுல நிக்கிறேன், அவ்வளவுதான்."

கொட்டகலைக்கு மேலே இருக்கும் அந்தக் கேம்பஸ் ஒரு காலத்தில் தொரை பங்களா. அறைகளைப் பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஓர் அறையில் தும்மினால் நாலாம் அறையில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சண்டை என்றால் கேட்கவே வேண்டாம். கேன்டீனில் நாகலெட்சுமி வடையைத் திருப்பிப்போட மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அன்று வடை எல்லாம் கறுப்பு.

கத்தியவள் பெற்றீசியா.

அவளுடைய கதவில் 'வெளிநாட்டுக் கூட்டுக் கற்பித்தல் உதவிப் பிரிவு' என்று நீளமாகப் பலகை. உள்ளே ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு பெற்றீசியா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பாடம் நடத்த ஆசைப்படும் விரிவுரையாளர்களுக்கு, அதற்குப் பணம் தரும் ஆட்களைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. விண்ணப்பம் எழுதுவாள். செலவைக் கணக்குப் பார்ப்பாள். அவர்களுடைய ஆங்கிலத்துக்குக் கைவைத்தியம் செய்வாள். பணம் வந்தால் விரிவுரையாளர் பிளேன் ஏறுவார். இவளுக்கு அங்கிருந்து ஒரு சாக்லேட் வரும். அதுவும் சில சமயம் உருகி வரும்.

இந்த முறை சாக்லேட் விஷயம் இல்லை.

நோர்வேப் பணம் வந்தால் பெற்றீசியாவின் வேலை நிரந்தரம். வராவிட்டால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வட்டகொடையில் உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

இப்படி இருக்கும்போது, போன வருசம் வந்த விரிவுரையாளர் அனோஜா அந்த நோர்வேத் திட்டத்தின் தலைவியாகி விட்டாள். அது ஒரு எரிச்சல். விரிவுரையாளர் விஜிதரன் அவளுக்குக் குடை பிடிக்க ஆரம்பித்திருந்தது இரண்டாவது எரிச்சல். எது பெரியது என்று பெற்றீசியாவைக் கேட்டால் முதலாவதைச் சொல்வாள். நம்பாதீர்கள்.

"லேடீஸ்... லேடீஸ்..."

கதவில் பீடாதிபதி பத்திநாதன். கோட், டை, பளபளக்கும் சப்பாத்து. எப்போதும் அப்படித்தான். 'நான் கொழும்புல வளந்தவன், தேயிலைக்குள்ள கால் வச்சதே இல்ல' என்று ஊருக்கே பெருமையாகச் சொல்லித் திரிகிற மனிதர்.

"நாளைக்கு நோர்வேக்காரங்க நேரலையில பாக்கப் போறாங்க. இன்னைக்கு இந்தச் சத்தமா?" என்றவர் பெற்றீசியாவிடம் திரும்பினார். "மழை பேஞ்சா என்னா செய்றது? திட்டம் பி இருக்குதானே?"

"இருக்கு சேர். மலையில சிக்னல் செத்துட்டா, மண்டபத்துல நீங்க பேசுவீங்க. விண்ணப்பத்துலயே உங்க பேரப் போட்டிருக்கேன்."

"ம். அப்படி நடக்காம ஆண்டவர் பாத்துக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பெற்றீசியா கவனிக்கவில்லை. அவள் கண் வெளியே இருந்தது. விஜிதரன் குடையோடு நின்றுகொண்டிருந்தான்.

*

மறுநாள் மதியம்.

மழை விட்டிருந்தது. கேம்பஸுக்குக் கீழே ஏழாம் நம்பர் மலையில் தேயிலை நனைந்து, மேலே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

திட்டம் இதுதான். நோர்வே மாணவர்கள் அங்கே மீன் பதப்படுத்தும் இடத்திலிருந்து பேசுவார்கள். நம் மாணவர்கள் இங்கே கொழுந்து பறிக்கும் மலையைக் காட்டுவார்கள். மீனும் தேயிலையும் ஒரே வகுப்பில். பணம் தரும் சபை இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்.

நேரலைக்கான சிக்னல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அனோஜா சாப்பாட்டு நேரத்திலேயே மலைக்கு இறங்கிவிட்டாள். மாணவர்கள் மண்டபத்தில் காத்திருந்தார்கள். படம் தெளிவாக வந்ததும் அவள் கூப்பிட, இவர்கள் இறங்க வேண்டும்.

கூப்பிடவில்லை.

திரையில் நோர்வேப் பேராசிரியை இங்ரிட் புன்னகையோடு வந்துவிட்டார். சபைக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் மலை வர வேண்டிய கட்டம் மட்டும் இருட்டு.

பெற்றீசியா அனோஜாவின் போனுக்கு அடித்தாள்.

மணி போனது... போனது... எடுக்க ஆள் இல்லை.

"என்னா செய்றது சேர்?" அவள் பத்திநாதனிடம் ஓடினாள்.

பத்திநாதன் எழுந்தார். டையைச் சரிசெய்தார்.

"பயப்படாதீங்க. அதுக்குத்தானே திட்டம் பி."

மனுசன் வெளுத்து வாங்கினார். தயாரே இல்லாமல் பேச எழுந்தவரிடம் படங்கள் இருந்தன. நகைச்சுவை இருந்தது. கண்ணீர்த்துளி ஒன்றுகூட, சரியான இடத்தில், இருந்தது. நோர்வேயில் கைதட்டினார்கள். இங்ரிட் 'அற்புதம்' என்றார்.

பணம் வந்த மாதிரிதான். பெற்றீசியா சந்தோசப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. இத்தனை கைதட்டலும் அவள் எழுதிய வரிகளுக்கு.

அப்போதுதான் அந்த அலறல்.

"ஐயோ... ஓடியாங்களேன்... கான்ல புள்ள கெடக்கு..."

நாகலெட்சுமியின் குரல். கேன்டீனுக்கு விறகு பொறுக்க மலையோரம் போனவள்.

எல்லோரும் அப்படியே ஓடினார்கள். மேடையிலிருந்து குதித்து முதலில் ஓடியவர் பத்திநாதன். ஈரப் புல்லுக்குள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சறுக்கி விழுந்து எழுந்து...

மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் அனோஜா கிடந்தாள். தலை கல்லில். நெற்றியோரம் ரத்தம்.

மூச்சு இருந்தது. மெலிதாக.

சிக்னல் பெட்டியைக் காணவில்லை.

*

அனோஜாவை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நினைவு திரும்பவில்லை.

எஸ்.ஐ. கிஷாந்த் வந்து சேர்ந்தபோது, மண்டபத்தில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுக் காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி உப்புத் தண்ணீர்ச் சட்டியை ஒவ்வொருவருக்காக நகர்த்தினாள். மழை விட்ட ஏழாம் நம்பர் மலைக்குள் போனவர்களை அட்டைகள் சும்மா விடுவதில்லை.

"தானா விழுந்த மாதிரி இல்ல," என்றான் கிஷாந்த். "தானா விழுந்தவங்க பெட்டிய எங்க ஒளிச்சு வைக்கிறது? இந்தப் புள்ளைக்கு வேண்டாதவங்க யாரும் இருக்காங்களா?"

அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

பெற்றீசியா காலிலிருந்த அட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னா... என்னா எல்லாரும் என்னையப் பாக்குறீங்க?"

நாகலெட்சுமிதான் மெல்ல ஆரம்பித்தாள். "நான் ஒண்ணும் சொல்லல சேர். நேத்து இந்த மிஸ்ஸு, 'என் உசிரு இருக்கிற வரைக்கும் நீ நிக்க மாட்ட'ன்னு கத்தினது எங் காதுல விழுந்திச்சு. அவ்வளவுதான். அதுல வடை கூட கருகிப் போச்சு."

"மத்தியானம் எங்க மிஸ் இருந்தீங்க?" என்றான் கிஷாந்த்.

"என் ரூம்ல."

"யாரு கூட?"

"தனியா."

"என்னா செஞ்சுகிட்டு?"

அழுதுகொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு. விஜிதரன் ஒரு சாப்பாட்டுப் பொதியோடு போனதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அதை எப்படிச் சொல்வது?

"வேலை பாத்துகிட்டு இருந்தேன்."

"ஸ்டேஷனுக்கு வந்து அதச் சொல்லுங்க. ஜீப் வெளியில நிக்குது."

வேலையும் போச்சு, மானமும் போச்சு. ஜீப் கொட்டகலைக் கடைத்தெரு வழியாகப் போகும்போது எந்தெந்தக் கடையிலிருந்து யார் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்றுகூட அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"ஒரு நிமிசம் சேர். வகுப்ப ரெக்கோர்ட் பண்ணியிருக்கேன். போறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துருங்க."

அதில் எதைக் காட்டப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் லொறி போனதிலிருந்து அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு வர வேண்டிய கைதட்டல் யாருக்குப் போனது என்று பார்க்க. அப்புறம்... முதல் வரிசையில் விஜிதரன் உட்கார்ந்திருந்தான். அவனையும் பார்க்க.

திரையில் பத்திநாதன் முழங்கினார். பெற்றீசியாவின் கண் வழக்கம்போல் முதல் வரிசைக்குப் போனது.

இந்த முறை அங்கேயே நின்றது.

"நிப்பாட்டுறேன். இங்க பாருங்க சேர். விஜிதரன் கழுத்துல..."

வெள்ளைக் கொலருக்கு மேலே கறுப்பாக, தடியாக ஒன்று. கீழே சிவப்பாக ஒரு கோடு.

"அட்டை," என்றான் கிஷாந்த். "அதுக்கென்னா? எல்லாருக்கும்தான் கடிச்சிருக்கு."

"நாங்க மலைக்கு ஓடினது வகுப்பு முடிஞ்ச பொறகு. இது வகுப்பு நடக்கிறப்போ எடுத்தது. கல்லு மண்டபத்துக்குள்ள அட்டை எப்படி வந்திச்சு?"

அத்தனை தலையும் இப்போது விஜிதரன் பக்கம் திரும்பியது.

விஜிதரன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் வந்ததும் கேட்டப்போ, காலையில இருந்து மண்டபத்துலதான் இருந்தேன்னு சொன்னீங்களே?" கிஷாந்த் அவனிடம் நெருங்கினான்.

"நான்... மலைக்குப் போனேன். ஆனா அவள நான் ஒண்ணும் செய்யல."

"பின்ன எதுக்குப் பொய்?"

"ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு போனேன். கீழ் வளைவுல நிக்கச் சொல்லியிருந்தா. ரொம்ப நேரம் நின்னேன். வரல."

"ரொட்டி எங்க?"

"நானே சாப்புட்டுட்டேன் சேர். பசி."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள்.

"நாங்க கட்டிக்கப் போறோம்," என்றான் விஜிதரன் தரையைப் பார்த்துக்கொண்டு. "பணம் வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்கன்னு அவதான் சொன்னா. பெற்றீசியா அக்காவுக்குத் தெரிஞ்சா விண்ணப்ப பைலத் தூக்கி அடுப்புல போட்டுருவாங்களாம்."

அக்கா.

அட்டை கடித்தது வலிக்கவில்லை. இது வலித்தது. பெற்றீசியா பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியைத் தேடினாள்.

"நம்புற மாதிரி இல்லையே," என்றார் பத்திநாதன் பெருமூச்சோடு. "பாவம் அந்தப் புள்ள. நல்ல பையன்னு நெனச்சேன். கொண்டு போங்க எஸ்.ஐ."

நாற்காலியைப் பிடித்தபடி பெற்றீசியா அவரைப் பார்த்தாள்.

மண்டபத்தில் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள். மாணவர்கள், நாகலெட்சுமி, விஜிதரன், எல்லோரும். பத்திநாதன் மட்டும் சப்பாத்தும் கெண்டைக்கால் வரை ஏறிய மேசோடுமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சேர், உங்களுக்கு அட்டை கடிக்கலையா?"

"எனக்கா? இல்ல."

"நீங்கதானே மொதல்ல ஓடினீங்க. கான் ஓரத்துப் புல்லுல ரொம்ப நேரம் நின்னதும் நீங்கதான்."

"என் ரத்தம் கசப்பு பெற்றீசியா. சீனி வருத்தத்துக்குப் பாவக்காய்ச் சாறு குடிக்கிறேன்ல. அட்டைக்குப் புடிக்காது."

இரண்டு பேர் சிரித்தார்கள். கிஷாந்த்கூடச் சிரித்தான்.

பெற்றீசியா சிரிக்கவில்லை. மேசையிலிருந்த குடிதண்ணீர்ச் சாடியை எடுத்தாள். அவருக்குத் தண்ணீர் ஊற்றப் போவதுபோல் கிட்டே போனாள். கை தடுமாறியது.

தவறுதலாகத்தான். அப்படித்தான் அவள் இன்றுவரை சொல்கிறாள்.

சாடித் தண்ணீர் முழுவதும் பத்திநாதனின் காலில்.

"என்னா வேலை இது?" அவர் துள்ளி எழுந்தார். கைக்குட்டையை எடுத்துக் குனிந்தார். கால்சட்டையைத் தூக்கி மேசோட்டை அழுத்தித் துடைத்தார். தேய்த்தார்.

நுரை வந்தது.

முதலில் கொஞ்சம். அப்புறம் தேய்க்கத் தேய்க்க, கறுப்பு மேசோட்டுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக... கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை.

பத்திநாதனின் கை நின்றது.

"இது என்னா?" என்றான் கிஷாந்த். டவுனில் பிறந்த பிள்ளை. அவனுக்குப் புரியவில்லை.

"சவுக்காரம் சேர்," என்றாள் பெற்றீசியா. "லயத்துல பொறந்த எங்களுக்கு இது தெரியும். மழை நாள்ல மலைக்குப் போறதுக்கு முன்னாடி, ஈரச் சவுக்காரத்தக் காலுல தேச்சுக்குவோம். கழுவ மாட்டோம். அப்படியே காய விட்டுருவோம். அட்டை கிட்ட வராது."

"அதுக்கு?"

"நாகலெட்சுமி கத்தினப்போ டீன் சேர் மேடையில நின்னாரு. அங்க இருந்து நேரா எங்க கூட ஓடியாந்தாரு. எல்லாரும் பாத்தாங்க. அதுக்கு நடுவுல சவுக்காரம் தேய்க்க ஏது நேரம்? அப்ப முன்னாடியே தேச்சிருக்காரு. இன்னைக்கு மலைக்குப் போவோம்னு அவருக்கு முன்னாடியே தெரியும்."

"கோட்டும் டையும் போட்டுகிட்டு மண்டபத்துல பேச வந்தவருக்கு மலையில என்னா வேலை?" கிஷாந்த் மெல்லச் சொன்னான்.

"அதத்தான் நானும் கேக்குறேன். இன்னொண்ணும் கேக்கணும். தேயிலைக்குள்ள காலே வைக்காத கொழும்பு மனுசருக்கு இந்தப் பழக்கத்த யாரு சொல்லிக் குடுத்தா?"

நாகலெட்சுமி முகவாயில் கை வைத்தாள்.

"அடி ஆத்தே... நம்ம லயத்துப் புள்ளையா இவரு?"

முப்பது வருசமாகக் கோட்டுக்குள் மூடி வைத்திருந்தது அது. பத்திநாதனின் முகம் ரத்தம் வடிந்த மாதிரி ஆனது. பிடிபட்டதைவிட, அந்தக் கேள்விதான் அவரை அதிகம் சுட்டது போலிருந்தது.

"பெட்டிய மட்டும்தான் எடுக்கப் போனேன்," என்றார். "சிக்னல் இல்லாமப் போனா மண்டபத்துல நான் பேசலாம். அவ்வளவுதான் நெனச்சேன். அவ பெட்டிய வச்சிட்டுக் கீழ போறான்னு பாத்தேன். திரும்பி வந்துட்டா. பெட்டியப் புடிச்சு இழுத்தா. நான் தள்ளினேன். கான் இருந்தத பாக்கல."

"விழுந்தவள அப்படியே விட்டுட்டு வந்து பாடம் நடத்தினீங்களா?"

"நல்லா நடத்தினேன்ல?"

கிஷாந்த் விலங்கை எடுத்தான்.

"நான் படிப்பிச்ச பயலுக எல்லாம் வெளிநாட்டுல போய்ப் படிப்பிக்கிறானுக," பத்திநாதன் டையைத் தளர்த்தினார். "என்னைய ஒரு தடவ கூட ஒருத்தரும் கூப்புடல. நேத்து வந்த புள்ளைக்கு நோர்வே கேக்குதா?"

மண்டபத்தில் வேறு யாருக்கும் அந்தப் பேச்சு புரிந்ததோ என்னவோ, பெற்றீசியாவுக்கு நன்றாகப் புரிந்தது. நேற்று அவள் கத்தியதும் ஏறக்குறைய இதேதான். வித்தியாசம் ஒன்று. அவள் கத்தியதோடு விட்டுவிட்டாள்.

சிக்னல் பெட்டி அவருடைய காரின் பின்புறம், ஸ்பேர் டயருக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு பாதிக் கட்டி சவர்க்காரம்.

கொட்டகலைக் கடைத்தெரு வழியாக ஜீப் போனது. எட்டிப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஆள்தான் வேறு.

*

மறுநாள் காலையில் அனோஜா கண் திறந்தாள். பீடாதிபதி சொன்னதையே அவளும் சொன்னாள். ரொட்டி எங்கே என்று விஜிதரனைக் கேட்டாள். அவன் சாப்பிட்டதைச் சொல்லவில்லை. பெற்றீசியா சொன்னாள்.

நோர்வேக்காரர்கள் பணம் தந்தார்கள். 'கற்பிப்பதில் இவ்வளவு தீவிரம் உள்ளவர்களை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை' என்று இங்ரிட் எழுதியிருந்தார். அவருக்கு விசயத்தை எந்த அளவுக்கு விளக்கினார்கள் என்பது உதவிப் பிரிவின் ரகசியம். பெற்றீசியாவின் வேலை நிரந்தரமானது. முதல் சிலைட்டில் முதல் பெயர் அவளுடையது. அனோஜாவே போட்டாள். படத்தைத்தான் சின்னதாக்கவில்லை.

அனோஜாவும் விஜிதரனும் தை மாதம் கல்யாணம் கட்டி, கூட்டு வகுப்பு நடத்த நோர்வேக்குப் போனார்கள். இப்போதைக்குத் திரும்புகிற மாதிரி தெரியவில்லை. பத்திநாதன் பிணையில் வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் மகள் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். வழக்கு நடக்கிறது. கடைசியில் அவர் கொழும்புக்காரராகவே ஆகிவிட்டார் என்கிறாள் நாகலெட்சுமி.

வாக்குமூலம் எடுக்க வந்த எஸ்.ஐ. கிஷாந்த், முடிந்த வாக்குமூலத்தையே திரும்பத் திரும்ப எடுக்க வந்தான். கேன்டீன் வடை நன்றாக இருக்கிறது என்றான். அந்த வடையை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ஆண்பிள்ளை வேறு ஏதோ காரணத்துக்காகத்தான் வருகிறான் என்று பெற்றீசியாவுக்குப் புரியாதா? இரண்டு பேருக்கும் மாதா கோயிலில் கல்யாணம். கடைத்தெருவில் மாடி வீடு.

போன வாரம் அனோஜாவிடமிருந்து ஒரு படம் வந்தது. முழங்கால் வரை பனிக்குள் நின்றுகொண்டு விஜிதரன் அவளுக்குக் குடை பிடிக்கிறான். கீழே ஒரு வரி: 'இங்க அட்டையே இல்ல அக்கா.'

கிஷாந்த் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என்னா, வயிறு எரியுதா?"

"சீ. எனக்கு எதுக்குங்க பொறாமை?"

சொல்லிவிட்டு லெப்டொப்பைத் திறந்தாள். அடுத்த கூட்டுக் கற்பித்தலுக்குப் புதிய விண்ணப்பம். நாடு: நோர்வே. தலைவி: பெற்றீசியா.

திட்டம் பி-க்குப் பொறுப்பானவர் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

'ஆளே வேண்டாம்' என்று அடித்தாள்.